வியூஃபைண்டருக்கு வெளியே இருந்த பெண்

மதுரைப் புதுமண்டபத்துத் தையல்காரர் படம் எங்கள் வீட்டு ஆல்பத்தில் முதல் பக்கத்தில் இருக்கிறது. கறுப்பு வெள்ளை. யாளித் தூணுக்குக் கீழே ஒரு கால் மிஷின், அதன்மேல் குனிந்திருக்கும் மனிதர். தூணுக்கும் தூணுக்கும் நடுவே கட்டிய கயிற்றில் தைத்த துணிகள் தொங்குகின்றன. எங்கிருந்தோ நுழைந்த வெயில் ஒரு பட்டையாக அவர் தோளில் விழுகிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதைக் காட்டும்போதெல்லாம் ஒரு வசனமும் சேர்த்துச் சொல்வேன்: “அப்பல்லாம் கேமராவை யாரும் கண்டுக்கவே மாட்டாங்க. பத்தடி தள்ளி நின்னு எடுத்தேன். ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கலை.”

போன வருஷம் அந்த நெகட்டிவை ஸ்கேன் செய்தேன். இடது ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கை முந்தானையை முகத்தை மறைக்க இழுத்துப் பிடித்திருக்கிறது. இன்னொரு கை என்னைப் பார்த்து விரிந்திருக்கிறது, வேண்டாம் என்று.

ஆல்பத்தில் இருக்கும் பிரிண்டில் அவர் இல்லை. எடுத்த நேரத்திலும் நான் அவரைப் பார்க்கவில்லை. பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே பார்க்கவில்லை. அது எப்படி என்று சொல்ல வேண்டுமானால் கேமராவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

என்னுடையது ஜெனிட் ஈ. சோவியத் தயாரிப்பு, செங்கல் கனம். கூடவே 58 மில்லிமீட்டர் ஹீலியோஸ் லென்ஸ். வெளிச்சத்தை அளக்க, பேட்டரி வேண்டாத மீட்டர். ஷட்டர் 1/30 நொடியில் தொடங்கி 1/500 நொடியில் முடிந்துவிடும். செகண்ட்ஹேண்டில் வாங்கினேன், என் கைக்கு எட்டியது அதுதான். அந்த லென்ஸை இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த கேமராவில் ஒரு சங்கதி உண்டு. ஃபிலிமில் படம் விழுகிற இடம் 24க்கு 36 மில்லிமீட்டர். வியூஃபைண்டரில் கண்ணுக்குத் தெரிவதோ 20க்கு 28தான். இடமும் வலமும் நாலு நாலு மில்லிமீட்டர், மேலும் கீழும் இரண்டிரண்டு மில்லிமீட்டர் நமக்குத் தெரியாமலே பதிவாகிக்கொண்டிருக்கும். கணக்குப் போட்டால் படத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றே அதிகம். இத்தனை வருஷம் அந்த கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தும் இது எனக்குத் தெரியாது. பிரிண்டில் ஓரங்கள் கூடுதலாக வந்திருந்தால் தெரிந்திருக்கும். அதற்கும் வழியில்லை. பிரிண்ட் போட நெகட்டிவைப் பெரிதாக்கும் என்லார்ஜரில் அதைப் பிடிக்கும் சட்டம் ஓரத்தைக் கொஞ்சம் தின்றுவிடும், போஸ்ட்கார்டு சைஸ் தாளுக்காக இன்னும் கொஞ்சம் போகும். மீதியை ஸ்டூடியோ அண்ணன் தன் கையால் முடித்துவிடுவார். “ஓரத்தில சும்மா கசகசன்னு இருந்துச்சு தம்பி, தள்ளிட்டேன்” என்பார். நல்ல ரசனைக்காரர். அவர் தள்ளியதெல்லாம் சரிதான் என்று நானும் தலையாட்டியிருக்கிறேன்.

ஆக, அந்த ஓரங்களை ஸ்டூடியோ அண்ணனைத் தவிர ஒரு ஜோடிக் கண்கூடப் பார்த்ததில்லை. ஒரு தகரப் பெட்டிக்குள் சும்மா கிடந்தன.

பெட்டியைத் திறந்த கதை அவ்வளவு அழகானதல்ல. ஓய்வு பெற்ற பிறகு, பரணிலிருந்து இறக்கிக் கொடுங்கள் என்று வீட்டில் மூன்று முறை சொன்ன பிறகுதான் இறக்கினேன். 62 ரோல். பெரும்பாலும் ஓர்வோ கறுப்பு வெள்ளை, கடைசி சில வருஷங்களில் மட்டும் கலர். பாதுகாப்பு என்று நினைத்து நான் செய்து வைத்திருந்த காரியங்கள்தான் ஃபிலிமை அதிகம் கெடுத்திருந்தன. ரோல்களைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தேன். ரப்பரில் கந்தகம் உண்டு, ஃபிலிமில் இருப்பது வெள்ளி. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று வெள்ளிக் கொலுசு வைத்திருக்கிற வீட்டில் சொல்லவே வேண்டாம். ரப்பர் தொட்ட இடமெல்லாம் பழுப்புக் கோடு. பூச்சிக்காக நாலு அந்துருண்டை வேறு. அதன் ஆவியும் ஃபிலிமுக்கு ஆகாது. இரண்டு ரோல் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றன. ஒட்டியதை இழுத்தால் படலமே உரிந்து வரும் என்பதை முதல் ரோலில் கற்றுக்கொண்டேன். இரண்டாவதைத் தொடவில்லை.

ஒரு டப்பாவைத் திறந்ததும் ஊறுகாய் வாடை, புளித்த காடி வாடை அடித்தது. ஃபிலிமின் அடித்தளமான அசிடேட் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியே வரும், வினிகரில் இருப்பதும் அதுதான். ஒரு ரோலில் தொடங்கினால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அப்படி வாடை வந்தால் அந்த ரோலைத் தனியாக எடுத்து வைத்து, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை ஸ்கேன் செய்துவிடுங்கள். அது சுருங்கி வளையத் தொடங்கிய பிறகு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

பூசணத்துக்கும் ஒரு வார்த்தை. வெள்ளைச் சிலந்திவலை மாதிரி படர்ந்திருந்தால் உடனே தண்ணீரில் அலசத் தோன்றும். அலசாதீர்கள். பூசணம் தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து போகும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் லேசாகத் தொட்டு, முதலில் படமில்லாத நுனியில் துடைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் மேலே போகலாம். தூசியை வாயால் ஊதுகிற பழக்கம் எனக்கு உண்டு. அதனால் என் எச்சில் புள்ளி இரண்டு நெகட்டிவில் நிரந்தரமாக இருக்கிறது. ரப்பர் ஊதுகுழல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது நெகட்டிவ்கள் காகித உறையில், ஆறு ஆறு படமாக, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் பீரோவுக்குள் இருக்கின்றன. மதுரை வெயிலில் பரண் அடுப்பு மாதிரிக் கொதிக்கும் என்பதை நான் முப்பது வருஷம் முன்னாடியே யோசித்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு ஃபிளாட்பெட் ஸ்கேனர் வாங்கினேன். பெட்டியில் அங்குலத்துக்கு 6400 புள்ளி என்று போட்டிருந்தது. 2400க்கு மேல் போனால் கோப்பு பெருக்கிறதே தவிர விவரம் கூடவில்லை. 2400லேயே ஒரு படம் ஏறக்குறைய 3400க்கு 2270 பிக்சல் வருகிறது. வீட்டுச் சுவரில் மாட்ட அது தாராளம். தூசியைத் தானாக நீக்கும் அகச்சிவப்பு வசதியைக் கறுப்பு வெள்ளையில் போட்டுவிடாதீர்கள். கலர் ஃபிலிமில் அது அருமையாக வேலை செய்யும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள்தான், அந்த ஒளிக்கு வெள்ளியும் தூசியும் ஒன்றாகவே தெரியும். தூசி என்று நினைத்து ஆளின் மூக்கைத் தின்றுவிடும்.

ஸ்கேனரோடு வந்த சட்டத்தில்தான் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று சொல்ல வேண்டும். ஒரு ஸ்ட்ரிப் சரியாக உட்காராமல் ஒரு பக்கம் நழுவிக் கிடந்தது. திரையில் வந்த படத்தில் சட்டம் வழக்கமாக மறைக்கிற ஓரம் வெளியே தெரிந்தது. அங்கே ஒரு கைவிரல் நுனி. அது யாருடைய விரல் என்று பார்க்கப் போய்த்தான் எல்லாம் ஆரம்பமானது.

சட்டத்தை அரம் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் கோணலாகப் போயிற்று. அப்புறம் ஸ்கேனரை விட்டுவிட்டு மகனின் டிஜிட்டல் கேமராவுக்கு மாறினேன். மேக்ரோ லென்ஸ், கீழே எல்.ஈ.டி. விளக்குப் பலகை, நடுவில் தடித்த கறுப்பு அட்டையில் நானே வெட்டிய சட்டம். ஜன்னலைப் பெரிதாக வெட்டினேன், ஃபிலிமின் ஓட்டைகளும் ஓரத்து எழுத்தும் தெரியும் அளவுக்கு. கேமரா பலகைக்குச் சரியாக நேராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மூலை மங்கிவிடும். அதற்கு ஒரு சுலபமான வழி: நெகட்டிவ் இருக்க வேண்டிய இடத்தில் சின்ன முகக்கண்ணாடி ஒன்றை வையுங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் விழும்வரை கேமராவை நகர்த்துங்கள். விழுந்துவிட்டால் நேர். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று குழம்பினால் ஓரத்து எழுத்தைப் பாருங்கள். ‘ஓர்வோ’ என்று இடமிருந்து வலமாக ஒழுங்காகப் படிக்க முடிந்தால் படம் இடம் வலம் மாறவில்லை. மாறியிருந்த நாலைந்து படங்களை நான் கவனிக்கவே இல்லை. ஒரு டீக்கடைப் பலகை தலைகீழ் மொழியில் இருப்பதைப் பார்த்து மருமகள்தான் சொன்னாள்.

சரி, புதுமண்டபத்துக்கு வருகிறேன்.

அந்த ரோலில் தையல்காரரை மூன்று முறை எடுத்திருக்கிறேன். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. பிரிண்ட் போட்டது பன்னிரண்டை மட்டும். மூன்றுக்கும் பிரிண்ட் போட அன்றைய சம்பளத்தில் கை வராது. ரோல், கழுவுகிற கூலி, பிரிண்ட் எல்லாம் சேர்ந்தால் என் ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவு. நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து ஒன்றைச் சொல்வேன், அண்ணன் அதைப் போடுவார். மற்ற இரண்டும் அன்றோடு செத்தது மாதிரிதான்.

இப்போது மூன்றையும் வரிசையாகத் திரையில் வைத்தால் வேறொரு கதை ஓடுகிறது. பதினொன்றில் அந்தப் பெண் தூணடியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு துணிப் பை. முகம் முழுசாகத் தெரிகிறது, என்னைத்தான் பார்க்கிறார். ஆச்சரியமோ சிரிப்போ இல்லை, இவன் என்ன செய்கிறான் என்ற பார்வை. பன்னிரண்டில் கை. பதின்மூன்றில் அந்தத் தூணடி காலி. பை இருந்த இடத்தில் தரை மட்டும் இருக்கிறது. தையல்காரரும் தலையைத் தூக்கி அவர் போன திசையைப் பார்க்கிறார். பதின்மூன்றை நான் அன்றைக்கு ஏன் ஒதுக்கினேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. “ஆள் அசைஞ்சிட்டார், போஸ் போச்சு.”

ஒரு பெண்மணி தன் வேலையை விட்டுவிட்டு எழுந்து போகும்படி நான் செய்திருக்கிறேன். அதைத்தான் இத்தனை வருஷம், ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கலை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். நல்ல படத்தைத் தேடி ஸ்கேன் செய்வதில்லை. ரோலை முதல் படத்திலிருந்து கடைசி வரை, மங்கியது, ஆடியது, விரல் மறைத்தது எல்லாவற்றையும் சேர்த்து, வரிசை மாறாமல் எடுக்கிறேன். கோப்புக்குப் பெயர் வைப்பதும் ரோல் எண், பட எண் என்ற கணக்கில்தான். தேதியைப் பெயரில் போடுவதில்லை. என் தேதிகளின் லட்சணம் அடுத்து வருகிறது.

ராமேஸ்வரம் ரோல்கள் மூன்று. நானும் அலுவலக நண்பன் ஒருவனும் மதுரையிலிருந்து மீட்டர் கேஜ் பாசஞ்சரில் போனோம். பிரிண்டுகளின் பின்னால் என் கையெழுத்தில் ‘டிசம்பர் 1990’ என்று இருக்கிறது. மை கொட்டி, அழுத்தி, சந்தேகமே இல்லாமல் எழுதியிருக்கிறேன். ஆனால் நாலாவது படத்தில் டீக்கடையின் ஓரத்துச் சுவரில், நான் அன்று பார்க்காத அந்த நாலு மில்லிமீட்டரில், பாதி கிழிந்த போஸ்டர். ‘குணா’. அந்தப் படம் வந்தது 1991 தீபாவளிக்கு, ‘தளபதி’ வந்த அதே நாள். அப்படியானால் நாங்கள் போனது 1991 டிசம்பருக்கு முன்னால் இருக்க முடியாது. நண்பனுக்குப் போன் போட்டேன். “ஏண்டா, எனக்கு மூத்தவ பொறந்து மூணாம் மாசம்டா, வீட்ல திட்டு வாங்கிட்டுல்ல வந்தேன்” என்றான். அவன் மகள் பிறந்தது 91 செப்டம்பர். தீர்ந்தது.

போஸ்டரை நம்பலாம், அளவோடு. ‘இதற்கு முன்னால் இல்லை’ என்று மட்டும்தான் அது சொல்லும். சின்ன ஊர்க் கொட்டகைக்குப் படம் ஆறு மாதம் கழித்தும் வரும், கிழியாத போஸ்டர் அதற்கப்புறமும் சுவரில் இருக்கும். பேருந்து அதற்கு நேர்மாறு. பாண்டியன், சேரன், சோழன், கட்டபொம்மன் என்று போக்குவரத்துக் கழகங்களுக்கு இருந்த பெயர்களை 1997இல் எடுத்துவிட்டார்கள். பக்கவாட்டில் ‘பாண்டியன்’ என்று எழுதிய பேருந்து தெரிந்தால் படம் அதற்கப்புறம் எடுத்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. வண்டி நம்பரும் உதவும். ‘டி.என்.’ என்று தொடங்கி இரண்டு இலக்க வட்டார எண் வரும் முறை 1989இல்தான் வந்தது. அதற்கு முன்னால் டி.எம்.எக்ஸ். மாதிரி மூன்று எழுத்து. போஸ்டர் ஒரு பக்கம் அணை போடும், பேருந்து மறுபக்கம். நடுவில் எங்கே என்பதற்கு இப்படி ஒரு நண்பனின் வீட்டுத் திட்டு வேண்டியிருக்கிறது.

அந்த மூன்று ரோலில் ஒன்று முழுக்க வெறும் ஃபிலிம். பாம்பன் பாலத்து ரோல். 1914இல் கட்டிய அந்தப் பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும்போது கதவருகே நின்று இருபது படத்துக்கு மேல் எடுத்தேன். கப்பல் வந்தால் பாலத்தின் நடுப்பகுதியை ஆட்கள் நெம்புகோலைச் சுற்றித் தள்ளித் தூக்குவார்கள். கரையில் இறங்கி அதையும் எடுத்தேன். பாலத்தை எடுக்கக் கூடாது என்று காவலுக்கு நின்றவர் விரட்டுகிறவரை எடுத்தேன். எண்ணிக்கை முள் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் ஃபிலிமின் நுனி உள்ளே உருளையில் மாட்டவே இல்லை. ஃபிலிம் ஓடாவிட்டாலும் முள் ஏறும். இப்போது இளைஞர்கள் மறுபடி ஃபிலிம் கேமரா தூக்குகிறார்கள் என்பதால் சொல்கிறேன்: ஒவ்வொரு முறை லீவரை இழுக்கும்போதும் இடது பக்கம் சுருட்டுகிற குமிழ் கூடவே சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றாவிட்டால் நீங்கள் படம் எடுக்கவில்லை. அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோய், 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலமும் திறந்தாகிவிட்டது. விசித்திரம், அந்தப் பயணத்தில் எனக்கு மிகத் தெளிவாக நினைவிருப்பது அந்த ரயில் கதவருகே நின்ற நேரம்தான். மற்றதெல்லாம் பிரிண்டில் இருப்பது மட்டும் நினைவிருக்கிறது.

தனுஷ்கோடிதான் எங்களுக்கு முக்கியம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரே போய், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலும் அதிலிருந்தவர்களோடு கடலுக்குள் போய், மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த ஊர். அன்றைக்குத் தார்ச்சாலை கிடையாது. அரிச்சல்முனை வரைக்கும் சாலை திறந்தது 2017இல்தான். மணலில் பாதி தூரம் வண்டி, மீதி நடை. நான் போனது ஒரே எண்ணத்தோடு: இடிபாடு. ஆளில்லாத தேவாலயம், ஆளில்லாத ரயில் நிலையம், ஆளில்லாத மணல். அப்படித்தான் எடுத்தேன். ஆல்பத்தில் நாலு பக்கம், எல்லாமே சுவரும் வானமும். கீழே ‘பேய் ஊர்’ என்று தலைப்பு வேறு.

முழு ஃபிரேமில் தேவாலயப் படத்தின் வலது கீழ் மூலையில் ஒரு அம்மாள் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். மணலில் தோண்டிய ஊற்று. ஒரு முழ ஆழம் இருக்கலாம். சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார். கையும் சிரட்டையும் குடத்தின் வாயும் தெரிகின்றன. இரண்டு பக்கமும் கடல் இருக்கிற அந்த மணலில் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும். புயலுக்குப் பிறகும் அங்கேயே இருந்துவிட்ட மீனவக் குடும்பங்கள் அதைத்தான் குடித்தார்கள். அடுத்த படத்தின் ஓரத்தில் காயப்போட்ட மீன். அதற்கடுத்ததில் ஓலைக் குடிசையின் முகடும், கொடியில் ஒரு பாவாடையும். ஒன்பது படத்தில் ஆறில் ஆள் இருக்கிறார்கள், இல்லையென்றால் ஆள் இருந்ததற்கான அடையாளம் இருக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் ரெண்டடி நகர்ந்து அவர்களை வெளியே தள்ளியிருக்கிறேன். ஜெனிட்டின் குறைபாடு மட்டும் இல்லாவிட்டால் அவர்கள் வெளியேதான் போயிருப்பார்கள்.

‘பேய் ஊர்’ என்ற தலைப்பை ஆல்பத்திலிருந்து கிழித்துவிட்டேன். பசை ஆல்பம், கூடவே தாளும் வந்துவிட்டது. அந்த வகை ஆல்பங்களில், அதாவது ஒட்டும் பசைக் கோட்டின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடுகிறவற்றில், படம் மாட்டியிருந்தால் நகத்தால் நெம்பாதீர்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே கொடுத்து, மெதுவாக ரம்பம் மாதிரி இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வராது போலிருந்தால் இருக்கிற இடத்திலேயே ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் நாலு பேர் பார்க்கப் போடலாம் என்று மகன் சொன்னபோது தயங்கினேன். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் குளிக்கிறவர்களை மட்டும் நாற்பது படத்துக்கு மேல் எடுத்திருக்கிறேன். அன்றைக்கு அது ‘பக்தி’, ‘ஒளி’, ‘ஈரத் துணியின் மடிப்பு’. இன்றைக்கு ஒருவர் வீட்டுப் பாட்டி ஈரப் புடவையோடு லட்சம் பேர் திரையில் நிற்பது. எடுத்த காலத்தில் அந்தப் படம் போகக்கூடிய அதிகபட்ச தூரம் எங்கள் வீட்டு வரவேற்பறை. அந்தக் கணக்கில்தான் அவர்களும் சும்மா இருந்திருப்பார்கள். குளிக்கிற படம், அழுகிற படம், குழந்தை முகம் நெருக்கத்தில் தெரிகிற படம் இவற்றை வெளியே விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். ஸ்கேன் இருக்கிறது. இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று இங்கே, ஒன்று மகள் வீட்டில். அது போதும். நெகட்டிவையும் தூக்கிப் போடவில்லை. ஸ்கேன் ஆகிவிட்டதே என்று நெகட்டிவை எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நாளைக்கு இதைவிட நல்ல லென்ஸ் வரும், அதை வைத்து எதைப் படம் எடுப்பார்கள்?

தையல்காரர் படத்தை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. முழு ஃபிரேமைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கினேன். ஒருநாள் காலையில் பழைய ஆல்பப் பிரிண்டையும் அதையும் ஒரு உறையில் போட்டுக்கொண்டு கீழவாசல் பக்கம் போனேன்.

புதுமண்டபத்தில் இப்போது கடைகள் கிடையாது. திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தைக் காலி செய்து, தையல்காரர், புத்தகக் கடை, பாத்திரக் கடை எல்லோரையும் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு அது நல்லதுதான். சிற்பத்தில் ஆணியடித்துக் கயிறு கட்டியதை என் படமே காட்டுகிறது. ஆனாலும் அந்தத் தூண்களின் குளிர்ச்சியில் உட்கார்ந்து தைத்தவர்கள் இப்போது டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஏதோ செய்கிறது.

மூன்று கடையில் படத்தைக் காட்டினேன். மூன்றாவது கடையில் என் வயதுக்காரர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாங்கிப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. மிஷினைப் பார்த்தார்.

“இது எங்க அத்தா மிஷின் சார். சக்கரத்தில ஒரு கம்பி ஒடிஞ்சு பத்த வச்சிருக்கும் பாருங்க.” விரல் வைத்த இடத்தில் உண்மையாகவே ஒரு முடிச்சு இருந்தது. “உக்காந்திருக்கறது பெரியத்தா.”

“தீபாவளி நேரத்தில எடுத்தேன் பாய்” என்றேன்.

“தீபாவளியா?” மிஷின் மேலே கிடந்த துணியைக் காட்டினார். “இது சல்லடம் சார். ஜரிகை ஓரம் தெரியுதுல்ல. அழகருக்கு வேஷம் கட்றவங்க போடறது. அந்தா மேல தொங்கறதெல்லாம் உருமாலு. தீபாவளிக்கு இதை எவன் தைப்பான்? பங்குனியில ஆரம்பிச்சாத்தான் சித்திரைத் திருவிழாவுக்குக் குடுக்க முடியும்.”

முப்பது வருஷமாக அதைச் சட்டைத் துணி என்று நினைத்திருந்தேன். அழகர் ஆற்றில் இறங்குவதை வருஷா வருஷம் போய்ப் பார்க்கிற மதுரைக்காரன் நான்.

அவர் கண் இடது ஓரத்துக்குப் போனது. அவருக்கு ஒரு நொடிதான் ஆனது.

“அந்தம்மா வேணாங்குது பாருங்க.”

“ஆமா பாய். நான் அப்ப பார்க்கலை.”

“வேஷத்துணி வாங்க வந்திருக்கும். புள்ளைக்கு நேர்ந்துருக்கும்.” படத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார். “ஒரு காப்பி குடுங்க சார், வீட்டுல காட்டணும். அவங்கள மட்டும் தள்ளிட்டுக் குடுங்க.”

உறையிலிருந்து பழைய போஸ்ட்கார்டு சைஸ் பிரிண்டை எடுத்தேன். ஸ்டூடியோ அண்ணன் ஓரத்தைத் தள்ளிப் போட்டுக் கொடுத்த அதே பிரிண்ட், ஆல்பத்தின் முதல் பக்கத்திலிருந்து நூல் கொடுத்துப் பிரித்தது. அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இது சரி என்றார். பின்பக்கம் ‘தீபாவளி’ என்று நான் எழுதியிருந்ததை அவர் பேனாவாலேயே அடித்துவிட்டுப் ‘பங்குனி’ என்று எழுதிக் கொடுத்தேன். வருஷத்தைத் தொடவில்லை. அதில் அவருக்கும் சந்தேகம் இருந்தது. பெரியத்தா மகன் வாடிப்பட்டியில் இருக்கிறானாம், கேட்டுச் சொல்கிறேன் என்றார்.